மாடி வீட்டுத் த்ரில்லர்: ஒலியையும் இசையையும் எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு மாணவர். 12 நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறீர்கள். மாடிப் போர்ஷனில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள் ஒரு பெண். கீழ்வீட்டு உரிமையாளர் குடும்பம் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருக்கிறது. இரவில் மின்சாரம் போகிறது. கீழே யாரோ இருப்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. நான்கு நாள் படப்பிடிப்பு. கையில் ஒரு சிறிய ரெக்கார்டர், நீண்ட கோலின் நுனியில் பிடிக்கும் ஒரு பூம் மைக், ஒரு காலர் மைக். இசையமைக்க ஒரு நண்பர் இருக்கிறார். திரைக்கதையில் ஏழு இடங்களில் "திகில் இசை" என்று குறித்திருக்கிறீர்கள். அந்த ஏழு இடங்களுக்கும் எப்படிப்பட்ட இசை பொருந்தும், இணையத்தில் கிடைப்பதை எடுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த ஏழு குறிப்புகளையும் இன்றே அடித்துவிடுங்கள். இசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இசைக்குக் கடைசியில் வருவோம். "திகில் இசை" என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும், அந்த நேரத்தில் அந்த வீட்டில் என்ன கேட்கிறது என்ற கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. த்ரில்லரில் அந்தப் பதில்தான் கதை. அந்த வீடு சாதாரண நாளில் எப்படி ஒலிக்கும் என்பதைப் பார்வையாளருக்கு முதல் மூன்று நிமிடங்களில் பழக்கிவிடுங்கள். பிறகு அதில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

கண்ணுக்குத் திரை என்ற எல்லை உண்டு. காதுக்கு அது கிடையாது. சட்டகத்துக்கு வெளியே, கதவுக்குப் பின்னால், மாடிப்படியின் திருப்பத்தில் இருப்பதைப் படம்பிடிக்காமலே சொல்ல ஒலியால் முடியும். பணம் குறைந்த மாணவர் படத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. பேசும் படம் வந்த புதிதிலேயே இதைப் புரிந்துகொண்டவர் ஃபிரிட்ஸ் லாங். 1931 இல் ஜெர்மனியில் அவர் எடுத்த 'எம்' படத்தில் பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லை. குழந்தைகளைக் கொல்பவன் கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் ஒரு மெட்டைச் சீழ்க்கை அடிப்பான், அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சீழ்க்கை நமக்குப் பழகிவிடுகிறது. பிற்பாடு பலூன் விற்கும் பார்வையற்ற ஒருவர் அதே சீழ்க்கையைக் கேட்டுத்தான் அவனை அடையாளம் காண்கிறார். பார்வையாளர் ஒரு ஒலியைக் கற்றுக்கொள்கிறார்; பிறகு அந்த ஒலி கேட்டாலே போதும், ஆளைக் காட்ட வேண்டியதில்லை.

உங்கள் கதைக்கு இப்படி ஒரு ஒலி வேண்டும். காலடி ஓசை, கதவு கிறீச்சிடுவது, இதயத் துடிப்பு ஆகிய மூன்றையும் ஒதுக்கிவையுங்கள். அவை எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்பதே அவற்றின் குறை. நம் ஊர் மாடி வீட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன்: கீழே இருக்கும் தண்ணீர் மோட்டார்.

படத்தின் தொடக்கத்தில் அவள் வேலைவிட்டு வருகிறாள். இரும்புக் கேட்டைத் திறந்து உள்ளே வரும்போதே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் சிமெண்ட் தரையில் விழுகிறது. கீழ்வீட்டு வராந்தாவில் இருக்கும் சுவிட்சை அவளே அணைக்கிறாள். மோட்டார் நிற்கிறது; வழியும் ஓசை மெல்லக் குறைகிறது. கிளம்பும் அவசரத்தில் உரிமையாளர்கள் அணைக்க மறந்துவிட்டார்கள் என்று ஒரு ஃபோன் பேச்சில் தெரிந்துவிடும். யாரும் இதை முக்கியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மோட்டார் எங்கே இருக்கிறது, ஓடினால் எப்படிக் கேட்கும், நின்றால் எப்படி இருக்கும் என்பது பார்வையாளரின் காதில் பதிந்துவிட்டது.

நடுவில் மின்சாரம் போகிறது. இருட்டு. சிறிது நேரம் கழித்து மின்சாரம் வருகிறது. மின்விசிறி சுழலத் தொடங்குகிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, அவள் நிம்மதியாக மூச்சுவிடுகிறாள். அடியில், தரை வழியாக, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அவள் அணைத்த மோட்டார். இருட்டில் விளக்கைத் தேடி யாரோ சுவிட்ச் போர்டைத் தடவியிருக்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு வரி வசனமோ ஒரு நொடி இசையோ தேவையில்லை. அதோடு தலைக்கு மேலே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசையும் தொடங்கும். தொட்டி நிரம்பி வழியும்வரைதான் நேரம் என்பதுபோல ஒரு கெடுவும் உங்களுக்குக் கிடைத்துவிடும். இதையே நீங்கள் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. உங்கள் கதையின் ஒலி இந்த அளவுக்கு அந்த இடத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி நடைமுறை. திரைக்கதையின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். தொடர்ந்து இருக்கும் ஓசை எது? நடுவில் நிகழும் ஓசை எது? நாம் கேட்பது யாருடைய காதால்? மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அவள் ஜன்னலை மூடினால் தெருவின் ஒலி மங்க வேண்டும். அவள் குளியலறையில் இருக்கும்போது ஹாலில் ஃபோன் அடித்தால், அது இரண்டு சுவர்களைத் தாண்டி வரும் ஒலியாக இருக்க வேண்டும். சுவர் உயர் அதிர்வெண்களைத்தான் முதலில் விழுங்கும். அதனால் எடிட்டிங்கில் சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே படிப்படியாகக் குறைத்தாலே "பக்கத்து அறையில்" என்ற உணர்வு வந்துவிடும்.

இடம் பார்க்கப் போவதைப் பகலில் வைத்துக்கொள்ளாதீர்கள். படப்பிடிப்பு இரவு 11 மணிக்கு என்றால் அதே 11 மணிக்குப் போய், ஒருவரும் பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்தில் ரயில் பாதை இருக்கிறதா, அந்தத் தெரு நாய்கள் எப்போது குரைக்கின்றன, அடுத்த வீட்டில் எத்தனை மணிவரை தொலைக்காட்சி ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மார்கழி மாதமாக இருந்தால் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அதிகாலை வரை எடுக்கலாம் என்ற திட்டம் அதோடு முடிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மின்விசிறி இல்லாமல் யாரும் நிற்க முடியாது.

அந்த மின்விசிறிதான் நம் ஊர் ஒலிப்பதிவாளரின் பெரிய பகை. ஓடும் விசிறியின் கீழே பதிவான வசனத்தில் இருந்து விசிறியைச் சுத்தமாகப் பிரித்து எடுப்பது கடினம். மென்பொருள் எடுத்துக்கொடுத்தாலும் குரலில் ஒரு தகரத்தன்மை ஏறிவிடும். காட்சியில் விசிறி ஓடியே ஆக வேண்டும் என்றால், விசிறி சட்டகத்தில் தெரியும் ஷாட்டுகளையும் வசனம் உள்ள ஷாட்டுகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். வசனம் வரும்போது விசிறியை நிறுத்துங்கள். அதன் ஓசையைத் தனியாகப் பதிந்து பிறகு அடியில் சேர்த்துக்கொள்ளலாம். வியர்வை த்ரில்லருக்குக் கெடுதல் செய்யாது. ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுங்கள், உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. திரும்பப் போடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

பதிவு செய்யும்போது ரெக்கார்டரின் தர அமைப்பை 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அதுதான் வழக்கம். சாதாரணப் பேச்சின் உச்சம் ரெக்கார்டரின் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும் (பூஜ்யம்தான் மேல் எல்லை), அப்போதுதான் அலறலுக்கு இடம் இருக்கும். திறந்தவெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி மட்டும் குறையாது. அதனால் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த மைக் என்பதைவிட எவ்வளவு அருகில் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். பூம் பிடிப்பவருக்கு ஒளிப்பதிவாளரிடம் "சட்டகத்தின் மேல் விளிம்பு எங்கே" என்று கேட்கும் உரிமை இருக்க வேண்டும். மாணவர் படங்களில் சும்மா நிற்கும் யாரையாவது பிடித்து பூமைக் கொடுத்துவிடுகிறார்கள். காது கொடுத்துக் கேட்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நான்கு நாளும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் ஒரு ஷாட்கூடப் பதிய வேண்டாம்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் அடியுங்கள். கேமராவிலும் ரெக்கார்டரிலும் அதுதான் பொருத்தும் புள்ளி. ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் விளக்குகளைக்கூட அணைக்காமல், அத்தனை பேரும் அசையாமல் நின்று, ஒரு நிமிடம் அந்த அறையின் வெற்று ஓசையைப் பதியுங்கள். இதைக் கேட்டால் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். பதியாமல் விட்டால் எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் பின்னணி மாறி மாறிக் கேட்கும். அதை மூட இசையைத் தேடுவீர்கள்.

பிறகு நடிகையோடு தனியாக அமர்ந்து, அவருடைய மூச்சை மட்டும் பதியுங்கள். படியேறி வந்த மூச்சு, அடக்கிக்கொண்ட மூச்சு, வாயைக் கையால் பொத்திய மூச்சு, பயம் விலகிய பின் வரும் நீண்ட மூச்சு. நெருக்கமாக, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுங்கள். முகம் தெரியாத இருட்டுக் காட்சியில் பார்வையாளரை அவளோடு கட்டிவைக்கப் போவது இந்த மூச்சுதான்.

உடையையும் ஒலிக்காகவே ஒருமுறை யோசியுங்கள். கஞ்சி போட்ட பருத்தி, பட்டு இரண்டும் காலர் மைக்கில் உரசிக்கொண்டே இருக்கும். வளையல், கொலுசு வேண்டுமா என்பது கதை சார்ந்த முடிவு. கொலுசு பேய்ப் படங்களில் தேய்ந்துபோன ஒலி. ஆனால் அது அவளுடைய காலில் இருந்தால் நிலைமை வேறு. முதல் காட்சிகளில் அவள் நடமாடும்போது கொலுசு கேட்கட்டும். கீழே ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்து அதைக் கழற்றட்டும். அதன் பிறகு அவள் நடக்கும்போது கேட்காமல் போகும் கொலுசு, கேட்கும் எந்தச் சத்தத்தையும்விடப் பார்வையாளரை இறுக்கும்.

வசனத்தைப் பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் தமிழ்ப் படச் சூழலில் எளிதாக வரும். நம்மிடம் அதற்கு நீண்ட பழக்கமும் அருமையான டப்பிங் கலைஞர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வேலை செய்வது அதற்கென்றே கட்டப்பட்ட ஸ்டுடியோவில். விடுதி அறையில் போர்வை கட்டி டப்பிங் செய்தால், பயந்து ஓடி வந்தவளின் குரல் நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவளின் குரலாகிவிடும். உங்கள் படத்தில் வசனம் குறைவு. இடத்திலேயே நன்றாக எடுத்துவிடுங்கள்.

எடிட்டிங்கின்போது தற்காலிகமாகக்கூட வேறு படத்தின் இசையை வைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெரிய இசையமைப்பாளரின் இசையை அடியில் போட்டுவிட்டால் சுமாரான காட்சியும் இறுக்கமாகத் தெரியும். எங்கே இழுக்கிறது, எங்கே ஷாட் இரண்டு நொடி கூடுதலாக நிற்கிறது என்பது மறைந்துவிடும். ஒரு மாதம் அதையே கேட்ட பிறகு உங்கள் நண்பர் என்ன இசைத்துக் கொடுத்தாலும் மனசு ஒப்பாது. கடைசியில் அவரும் அதையே நகலெடுக்கப் பார்ப்பார். இசையில்லாத, வசனமும் பதிந்த ஓசைகளும் மட்டுமே உள்ள ஒரு பிரதியைப் படம் எடுக்காத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் ஃபோனைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடத்தைக் கத்தரியால் சரிசெய்ய வேண்டும், இசையால் அல்ல.

எடிட் இறுதியான பிறகுதான் ஒலி வடிவமைப்பைத் தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ஒலிக்கென்று உள்ள ஃபேர்லைட் பக்கமே இதற்குப் போதும். உங்கள் படத்தின் நடுப்புள்ளியான மின்வெட்டை எப்படிக் கட்டுவது என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்ற காட்சிகளுக்கும் இதே முறைதான்.

மின்சாரம் போவதற்கு முன்னால் அந்த அறையில் விசிறி, ஃப்ரிட்ஜ், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஆகியவை கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய 15 நொடிகளில் இந்த மூன்றையும் யாருக்கும் தெரியாத அளவில் மெல்ல ஏற்றுங்கள், இரண்டு அல்லது மூன்று டெசிபல். மின்சாரம் போனதும் ஃப்ரிட்ஜும் தொலைக்காட்சியும் ஒரே கணத்தில் நிற்கும். விசிறி நிற்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசிறி அரை நிமிடத்துக்கு மேல் தன் வேகத்திலேயே சுற்றித் தளரும். பழைய விசிறியாக இருந்தால் அதன் 'டக், டக்' இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதை உண்மையான விசிறியில் பதிந்துகொள்ளுங்கள். எந்தத் தாள வாத்தியமும் தர முடியாத இயல்பான தளர்ச்சி அது. கடைசி 'டக்'குக்குப் பிறகு இன்னொன்று வரும் என்று பார்வையாளரின் காது காத்திருக்கும். அது வராது.

இப்போது அமைதி. ஆனால் டைம்லைனில் எதுவுமே இல்லாத வெற்றிடம் அமைதியாக இருக்காது. அரங்கில் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் பதிந்துவைத்த அறையின் வெற்று ஓசை அங்கே வர வேண்டும். அதன்மேல், இதுவரை மூடியிருந்த தூரத்து ஓசைகள் ஒவ்வொன்றாக மேலெழட்டும்: சில்வண்டு, இரண்டு தெரு தள்ளி நாய், ஒரு இன்வெர்ட்டரின் பீப், அடுக்குமாடியின் ஜெனரேட்டர் தொடங்கும் உறுமல். ஓசை குறையும்போது நம் காது தானாகவே கூர்மையாகும். சற்று முன்பு கேட்கவே கேட்காத அவளது மூச்சும் இப்போது பெரிதாகக் கேட்கும். பார்வையாளர் இந்த நிலையில் இருக்கும்போது கீழிருந்து ஒரு பாத்திரம் லேசாக நகரும் ஓசை போதும். அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அது உண்மையிலேயே கேட்டதா என்ற சந்தேகத்தில் அவளும் பார்வையாளரும் ஒன்றாகத் தலையைத் திருப்ப வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் மோட்டார். தரை வழியாக வருவதால் அது மங்கிய முனகல். மேலே தொட்டியில் விழும் தண்ணீரோ திறந்த, பளிச்சென்ற ஓசை. ஸ்டீரியோவில் மேல் கீழ் என்று ஒலியைப் பிரிக்க முடியாது. அதனால் இந்தத் தன்மை வேறுபாடுதான் திசையைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவள் நிற்கிறாள்.

காலடி, பாத்திரம், தாழ்ப்பாள் போன்றவற்றைப் படத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி பதிவதைத்தான் ஃபோலி என்கிறார்கள். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இதைச் செய்துவந்த ஜாக் ஃபோலியின் பெயர் அது. தரையைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள். மொசைக் தரையில் வெறுங்கால், சிமெண்ட் படியில் ரப்பர் செருப்பு, மொட்டைமாடியில் ஓடு பதித்த தரை ஆகியவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு. படியேறி வருபவன் ரப்பர் செருப்பு போட்டிருக்கிறானா, ஷூவா என்பது அவன் யார் என்பதற்கே துப்பு. எலும்பு முறியும் ஓசை தேவைப்பட்டால் முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி ஒடித்துப் பாருங்கள்.

இப்போது இசை. நம் ஊரில் ஆர்.ஆர். என்று சொல்லும் ரீ-ரிக்கார்டிங், அதாவது பின்னணி இசை. நீங்களும் நண்பரும் உட்கார்ந்து முழுப் படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இசை எந்த நொடியில் நுழைகிறது, எந்த நொடியில் வெளியேறுகிறது என்று குறியுங்கள். 12 நிமிடப் படத்தில் மூன்று அல்லது நான்கு இடங்களுக்கு மேல் வேண்டாம். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் வந்தாலே அதிகம். தமிழில் பாட்டு, நடனம் எதுவும் இல்லாத 'அந்த நாள்' என்ற த்ரில்லரை 1954 இலேயே எஸ்.பாலசந்தர் எடுத்துவிட்டார். அவர் பெரிய வீணைக் கலைஞர். எதை விட்டுவிடலாம் என்பதை இசை தெரிந்தவர்தான் துணிந்து சொல்ல முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

எங்கே இசை வேண்டும்? பயமுறுத்தும் நிகழ்வுக்கு முன்னால் இசை தொடங்கினால் ஏதோ வரப்போகிறது என்று நீங்களே அறிவித்துவிடுகிறீர்கள். பெரும்பாலும் நிகழ்வுக்குப் பிறகு, அவள் அதைப் புரிந்துகொள்ளும் கணத்தில் இசை வருவது வலுவாக இருக்கும். மோட்டார் ஓடும்போது இசை கூடாது. அது கீழே நிற்கும்போது, அதாவது கீழே இருப்பவன் அதை அணைக்கும்போது, முதல் முறையாக இசை நுழையலாம். இசையால் பொய் சொல்லாதீர்கள். பூனை குதிப்பதற்கெல்லாம் இசை அலறினால் பிறகு அதை யாரும் நம்ப மாட்டார்கள். 1975 இல் வந்த 'ஜாஸ்' படத்தில் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசை சுறா வரும்போது கேட்கும். சிறுவர்கள் போலித் துடுப்பை வைத்து விளையாட்டுக் காட்டும்போது வராது. அந்த நேர்மையால்தான், பிறகு ஒரு முறை இசையே இல்லாமல் சுறா தலை தூக்கும்போது அரங்கமே துள்ளுகிறது.

வாத்தியத்தைக் குறையுங்கள். 'சைக்கோ' படத்துக்கு 1960 இல் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்தே முழு இசையையும் எழுதினார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். ஒரே குடும்பக் கருவிகளால் அத்தனை கொடூரம் முடிகிறது என்றால், கணினியில் இருக்கும் நூறு வாத்தியங்களையும் உங்கள் நண்பர் திறக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியில் வீணை வாசிப்பவரோ மிருதங்கம் வாசிப்பவரோ நிச்சயம் இருப்பார். வீணையின் கீழ்த்தந்தியை மீட்டாமல் நகத்தால் உரசினால் வரும் ஓசை, மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் வரும் கமகம், நாதஸ்வரத்துக்கு உடன் ஒலிக்கும் ஒத்து ஆகிய ஏதாவது ஒன்றை எடுத்து, அதை மெதுவாக்கி, அடுக்கி, படம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். உடுக்கையைத் தொடும்போது மட்டும் யோசியுங்கள். அதன் ஓசை நம்மைக் கோயிலுக்கும் சாமியாட்டத்துக்கும் கொண்டுபோய்விடும். உங்கள் கதையில் தெய்வமோ பேயோ இல்லை.

நண்பரிடம் ராகத்தையோ வேறு படத்தின் இசையையோ சொல்லிக் கேட்காதீர்கள். "இந்த இடத்தில் அவளுக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும்" என்று சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால் இசை அவளைவிட முந்தி நிற்கலாம். இருவருக்கும் தெரியாதபோது இசை பின்வாங்க வேண்டும். தாளம் உள்ள பகுதி வேண்டும் என்றால் ஒரு கணக்கு உதவும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 1440-ஐ ஒரு தாள அடிக்குரிய பிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். 24 பிரேமுக்கு ஒரு அடி என்றால் 60. 20 பிரேமுக்கு 72. 16 பிரேமுக்கு 90. வெட்டுகள் எல்லாம் அடியின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் விளம்பரப் படம்போல் ஆகிவிடும்.

இணைய இசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். யூடியூபில் இருப்பதைப் பதிவிறக்கிப் போடக் கூடாது. 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்வதற்கு எந்தச் சட்ட ஆதாரமும் இல்லை. கதைக்குள் ரேடியோவில் ஒரு பழைய படப்பாட்டு ஒலிப்பதாகக் காட்டினாலும் அனுமதி தேவை. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். 1847 இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை உங்கள் தோழி பாடிப் பதியலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒரு பாடகர் பாடி வெளியிட்ட பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையிலும் கவனம் வேண்டும். 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளதைப் படத்தோடு சேர்க்க முடியாது, ஏனெனில் காட்சியோடு பொருத்துவதே மாற்றமாகக் கருதப்படுகிறது. ஓசைகளுக்கு பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளம் நல்லது. ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் எடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். இசையமைக்கும் நண்பரிடமும் இசையைப் பயன்படுத்த அனுமதி தரும் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள். திரைப்பட விழாக்கள் கேட்கும்.

எல்லா ஒலிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் கலவையின்போது வசனத்தையும் மூச்சையும் முதலில் அமைத்து, அதைச் சுற்றி மற்றதை ஏற்றுங்கள். அதிர்ச்சிக் கணம் உரக்கக் கேட்க வேண்டும் என்றால் அதை ஏற்றாதீர்கள்; அதற்கு முந்தைய பத்து நொடிகளை இறக்குங்கள். ஆழமான உறுமல்களை மட்டும் நம்பியிருக்கும் காட்சிகள் மொபைல் ஃபோனில் ஊமையாகிவிடும், ஏனெனில் அந்தச் சிறு ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் தராது. உங்கள் மோட்டார் முனகலில் 300, 400 ஹெர்ட்ஸ் பகுதியையும் கொஞ்சம் விட்டுவையுங்கள். யூடியூப் மொத்த உரப்பை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு மேல் ஏற்றி ஒரு பயனும் இல்லை. இறுதிப் பிரதியை ஹெட்ஃபோனிலும் ஒரு சாதாரண மொபைலிலும் கல்லூரி அரங்கிலும் கேளுங்கள். அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போது மோட்டார் தொடங்குவதை நீங்கள் சொல்லாமலே பக்கத்தில் இருப்பவர் கவனித்தாரா என்று பாருங்கள். கவனிக்கவில்லை என்றால் முதல் காட்சிக்குத் திரும்பிப் போய், அவள் சுவிட்சை அணைக்கும் இடத்தை இன்னும் இரண்டு நொடி நீட்டுங்கள்.

காலக் கணக்கு: எடிட்டிங்குக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறீர்களோ, ஒலிக்கும் இசைக்கும் சேர்த்துக் குறைந்தது அத்தனை நாள் ஒதுக்குங்கள். வசனம், ஓசைகள், இசை மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது ஒரு விழா வேறு அளவில் கேட்டாலோ, ஒரு இசைத்துண்டின் அனுமதி கிடைக்காமல் போனாலோ முழுக் கலவையையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்காது. அடுத்த வாரம் இடம் பார்க்கப் போகும்போது ரெக்கார்டரையும் எடுத்துப்போய், அந்த வீட்டு மோட்டாரைக் கீழிருந்தும், மாடி அறையிலிருந்தும், மொட்டைமாடியிலிருந்தும் பதிந்துவிடுங்கள்.